ரெட்டைப் பிள்ளைக்காரியின் கால்

எங்கள் ஊரில் ஒருவருக்குக் குறுக்கு, அதாவது முதுகின் அடிப்பக்கம், பிடித்துக்கொண்டால், எந்தத் தெருவில் யாருக்கு ரெட்டைப் பிள்ளை பிறந்திருக்கிறது என்றுதான் முதலில் விசாரிப்பார்கள். ரெட்டைப் பிள்ளை பெற்றவள் காலால் மிதித்தால் சுளுக்கு, பிடிப்பு, வாயு எல்லாம் ஓடிவிடும் என்று நம்பிக்கை. வருஷக்கணக்கில் படித்து பிசியோதெரபிப் பட்டம் வாங்கி, ஸ்டேஷன் ரோட்டில் மருந்துக்கடைக்குப் பின்னால் க்ளினிக் போட்டு உட்கார்ந்திருப்பவள் நான். என்னிடம் வருகிறவர்களில் பாதிப்பேர் ஏற்கெனவே மிதிபட்டுப் பார்த்தவர்கள். மீதிப்பேர் என்னைப் பார்த்துவிட்டு மிதிபடப் போகிறவர்கள். இரண்டுக்கும் நடுவில் கொஞ்சம் ஃபேன் காற்று வாங்கிப்போகிற இடம் என் க்ளினிக்.

இதை நினைத்தாலே எனக்கு எரிச்சல் மண்டைக்கு ஏறும். ஏறினால் வாயில் வந்துவிடும். என்னிடம் வருகிறவர்கள் திட்டு வாங்கத் தயாராகத்தான் வருவார்கள். "அவுக ஏசுனாலும் வலி போயிரும்" என்று ஒருவருக்கொருவர் சொல்லி அனுப்புவார்கள். வலி போனது நான் ஏசியதால் என்று நினைக்கிறார்களோ என்னவோ.

போன வருஷம் ஆடி பிறக்க இருந்த சமயம். மத்தியானம் மருந்துக்கடையில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள். அந்த நேரம் பார்த்து ஒரு மாமியாரும் மருமகளும் வந்தார்கள். மாமியார் கையில் ஒரு பச்சைப் பிள்ளை. மருமகள் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தாள். உள்ளே வந்ததும் மாமியாரே கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

யாரென்று எனக்கு உடனே தெரிந்துவிட்டது. விசைத்தறித் தெருவில் அந்த மருமகளுக்கு ரெட்டை ஆண் பிள்ளை பிறந்திருந்தது. தீட்டுக் கழிந்த கையோடு அவளை மிதிக்க இறக்கிவிட்டிருந்தார்கள். பிரசவம் ஆபரேஷன். "அறுத்து எடுத்தது கணக்குல சேருமா?" என்று யாரோ கேட்டதற்கு, "எந்த வழியா வந்தாலும் ரெட்டை ரெட்டைதாம்வே" என்று இந்த மாமியார் அடித்துப் பேசியது ஊர் முழுக்கப் பரவியிருந்தது. என்னிடம் வந்துகொண்டிருந்தவர்கள் பலபேர் அவள் வீட்டு வாசலுக்குப் போய்விட்டதும் எனக்குத் தெரியும்.

"டாக்டரம்மா, இது நமக்குள்ள இருக்கட்டும். இவளுக்குக் குறுக்குல லேசா ஒரு இழுப்பு. மிதிக்கவளுக்கே குறுக்கு வலின்னு வெளிய தெரிஞ்சா, எங்க வாசல்ல ஒரு ஈ காக்கா வராது."

"லேசான இழுப்பா?" என்று மருமகளைக் கேட்டேன். அவள் மாமியார் முகத்தைப் பார்த்தாள்.

"அவட்ட என்ன கேக்கீங்க? நாந்தான் சொல்லுதேம்லா."

"வலி உங்களுக்கா அவளுக்காம்மா?"

"ரெண்டு பேருக்கும்னு வச்சுக்கிடுங்க."

மருமகளைக் கட்டிலில் மல்லாக்கப் படுக்கச் சொன்னேன். இடுப்பில் கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசியிருந்தார்கள். காய்ந்து பொருக்குத் தட்டிப்போய், சேலை மடிப்பிலிருந்து கட்டில் முழுக்க உதிர்ந்தது. வயது இருபதைத் தாண்டியிருந்தால் கொஞ்சம்தான் தாண்டியிருக்கும். சிவகிரிப் பக்கம் வயல்வேலை செய்கிற வீட்டுப் பிள்ளை. உடம்பில் பிள்ளை பெற்ற களைப்பைத் தவிர வேறு எதுவும் மிச்சமில்லை.

இடுப்புக்குப் பின்னால், சேலை செருகுகிற இடத்துக்குச் சற்றுக் கீழே, இரண்டு பக்கமும் குழி விழுகிற இடம் எல்லோருக்கும் உண்டு. அந்தக் குழிக்கு அடியில்தான் முதுகெலும்பின் அடிப்பகுதி இடுப்பெலும்போடு சேருகிறது, வலப்பக்கம் ஒரு மூட்டு, இடப்பக்கம் ஒரு மூட்டு. இந்த மூட்டு அசைவதே தெரியாது. ஆனால் வயிற்றில் பிள்ளை இருக்கும்போது உடம்பு இளகிக் கொடுக்கும், இதுவும் இளகும். ரெட்டைப் பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம். பெற்று முடித்தபின் அது மெல்ல மெல்ல இறுகி வர வேண்டும். அப்படி இறுகவிடாமல் அதன் மேல் பாரத்தை ஏற்றினால் உயிர் போகிற மாதிரி வலிக்கும்.

"காலை மடக்காமல் ஒண்ணொண்ணா மேலே தூக்கு."

வலது கால் தூக்கினாள், வந்தது. இடது கால் வரவில்லை. முகம் சிவந்துபோயிற்று, குதிகால் விரிப்பை விட்டு எழும்பவில்லை.

"அக்கா, காலு மேல யாரோ உக்காந்துருக்க மாதிரி இருக்கு."

என் இரண்டு உள்ளங்கையையும் அவள் இடுப்பெலும்பின் இரண்டு பக்கமும் வைத்து, உள்பக்கமாகச் சேர்த்து இறுக்கிப் பிடித்தேன். "இப்போ தூக்கு." கால் எழும்பியது. அவளுக்கே நம்ப முடியவில்லை, தன் காலையே பார்த்தாள். மூட்டுக்குப் பிடிமானம் இல்லை, வெளியிலிருந்து பிடிமானம் கொடுத்தால் கால் கேட்கிறது என்று இதற்கு அர்த்தம். இதைவிடத் தெளிவாக ஒரு உடம்பு பேசாது.

"பாத்தீங்களா!" என்று மாமியார் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டாள். "தூக்கிட்டா! அப்ப இத்தன நாளும் நடிச்சிருக்கா. ஏட்டி, மூதி!"

"உட்காருங்கம்மா. நான் பிடிச்சதாலதான் தூக்குனா."

"நீங்க பிடிச்சது இடுப்ப. தூக்குனது கால. ரெண்டுக்கும் என்ன சம்பந்தம்?"

வாயில் வந்ததை விழுங்கிக்கொண்டேன். இன்னொரு பரிசோதனை பாக்கியிருந்தது. இந்த மூட்டுக்குச் செய்கிற பரிசோதனைகள் பெரும்பாலும் வலியைக் கிளப்பிப் பார்ப்பவைதான். கையை வைத்து வலிக்கச் செய்வேன், அதே வலி வந்தால் மூட்டில்தான் கோளாறு. படிக்கிற காலத்தில் எங்களுக்குள் ஒருவர் மேல் ஒருவர் செய்து பழகியபோது சிரிப்பாக இருந்தது. இடது காலைத் தொடையோடு செங்குத்தாக மடக்கி, முழங்காலின் மேல் என் பாரத்தைச் சாய்த்துக் கீழே அழுத்தினேன்.

அவளிடமிருந்து சத்தமே இல்லை. கண்ணோரத்திலிருந்து தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது. கால்விரல்கள் சுருண்டுகொண்டன.

"வலிக்குதா?"

"இல்லக்கா."

"பொய் சொன்னா திரும்பவும் அழுத்துவேன்."

"வலிக்கி." குரல் பாதிதான் வந்தது.

"எங்க?"

ஒரு விரலை எடுத்து இடது குழியில் வைத்தாள். சுற்றித் தடவிக் காட்டவில்லை, அந்த ஒரே இடம். கால் மரத்துப்போகிறதா, ஒன்றுக்கு ரெண்டுக்குப் போவதில் சிக்கல் உண்டா, பாதத்தில் பலம் இருக்கிறதா என்றெல்லாம் பார்த்துவிட்டேன். அந்தக் கோளாறு எதுவும் இல்லை. மூட்டுதான்.

எந்தக் காலால் மிதிக்கிறாள் என்று கேட்டேன். வலது காலாம். அப்படியென்றால் காலையிலிருந்து அத்தனை பேருக்கும் இடது காலில் ஒற்றையாக நிற்கிறாள். ஒற்றைக் காலில் நின்றால் உடம்புப் பாரம் மொத்தமும் அந்தப் பக்கத்து மூட்டு வழியாகத்தான் கீழே இறங்க வேண்டும். ஊர்க் குறுக்கையெல்லாம் சரிசெய்கிறேன் என்று அவள் குறுக்கை உடைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இனிமே இவள் ஒற்றைக் கால்ல நிக்கவே கூடாதும்மா. மிதிக்கிறதை நிப்பாட்டுங்க. கொஞ்ச நாள் என்கிட்ட வரட்டும், நான் சரிபண்ணித் தாரேன்."

"ஒத்தக் கால்ல நிக்கக் கூடாதா?" மாமியார் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "எந்த ஊர்ல இருந்துகிட்டு என்ன பேசுதீங்க? அம்பாளே இங்கன ஒத்தக் கால்ல நின்னுதான் தவசு இருந்தா. வருசா வருசம் ஊரே கூடிப் பாக்கு. இவ என்ன அம்பாளுக்கு மேலயா?"

"அம்பாள் ரெட்டைப் பிள்ளை பெத்துட்டா நின்னா?"

மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "எம்மா தாயே, அப்படிப் பேசாதீங்க, நாக்கு அழுகிரும்." பிறகு பேரத்தை ஆரம்பித்தாள். "அப்ப கால மாத்திப் போட்டா? எடது காலால மிதிக்கட்டும், வலது கால்ல நிக்கட்டும்."

"அந்த மூட்டும் போயிரும்."

"ஸ்டூலப் போட்டு உக்காந்து மிதிச்சா?" கேட்டுவிட்டு அவளே தலையை ஆட்டிக்கொண்டாள். "அதுவும் சரிப்படாது. பாரம் எறங்காது. வாரவுக ஒத்துக்கிட மாட்டாவ."

கட்டிலில் படுத்திருந்தவள் மேலே ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். யார் வீட்டுக் காலைப் பற்றியோ நாங்கள் பேசிக்கொண்டிருப்பதைப் போல.

மாமியாரைக் காசுக்கு ஆசைப்பட்டவள் என்று சொன்னால் அது பொய். மிதிப்பதற்குக் காசு வாங்கக் கூடாது, வாங்கினால் பலிக்காது. வருகிறவர்கள் ஒரு சீப்பு வாழைப்பழம், தேங்காய், பிள்ளைகளுக்குச் சட்டை என்று கொண்டுவந்து வைப்பார்கள், அவ்வளவுதான். அவளுக்கு வேண்டியது வேறு. காலமெல்லாம் அவளை "ஏ, இவளே" என்று கூப்பிட்ட நிலபுலம் உள்ள சம்சாரி வீட்டுப் பொம்பளைகள் இப்போது காரில் வந்து அவள் தகரக் கொட்டகையில் காத்துக் கிடந்தார்கள். "மதினி, இன்னும் எத்தன பேரு?" என்று கெஞ்சினார்கள். அவள் அவசரமில்லாமல் வெற்றிலையை மென்றுகொண்டு, "இருங்க, கூப்பிடுவோம்" என்பாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்வதற்காக அவள் மருமகளின் இரண்டு காலையும் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பாள். இது புரிந்தபிறகு எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் நானே அங்கே போனேன். நிப்பாட்டியிருக்க மாட்டாள் என்று தெரியும், இருந்தாலும் கண்ணால் பார்க்க வேண்டும்போல் இருந்தது. தறிக் கொட்டகைக்குப் பின்னால் முற்றம். தறிச் சத்தத்தில் பக்கத்தில் நிற்பவனிடம்கூடக் கத்தித்தான் பேச வேண்டும். பாயில் ஒருவர் குப்புறப் படுத்திருந்தார். உத்தரத்தில் கட்டிய கயிற்றை ஒரு கையால் பிடித்துக்கொண்டு அவள் இடது காலில் நின்றாள். வலது பாதத்தை எண்ணெயில் முக்கி, பிடரியிலிருந்து குறுக்கு வரைக்கும் இழுத்து இறக்கினாள். குறுக்கு வந்ததும் குதிகாலை ஊன்றி அழுத்தினாள். அவள் புருஷன் வாசலில் நின்று "அடுத்த ஆளு, அடுத்த ஆளு" என்று வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்தான். பஸ்ஸில் ஆள் ஏற்றுகிறவன் மாதிரி அவ்வளவு உற்சாகம்.

உள்ளே பிள்ளைகள் அழுதிருக்க வேண்டும். தறிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. ஆனால் அவள் ரவிக்கை முன்பக்கம் நனைந்து வந்தது. முந்தானையை இழுத்து மூடினாள், அதுவும் நனைந்தது.

"அத்த, பிள்ளைக்குப் பாலு..."

"இந்த அண்ணாச்சிய முடிச்சிட்டுப் போ."

அடுத்துப் படுத்தவர் பனவடலிசத்திரத்துச் சம்சாரி. என்னிடம் வந்துகொண்டிருந்த ஆள்தான். குனியாதீர்கள், மூட்டை தூக்காதீர்கள் என்று சொன்னதற்காக என்னைக் கைவிட்டவர். தொந்தியும் தோளுமாக அவ்வளவு பெரிய உடம்பு. "பதறாம மிதி மக்கா. நல்லா அமுக்கு, நல்லா அமுக்கு" என்று பாய்க்குள் முகத்தை வைத்துக்கொண்டே அதிகாரம் பண்ணினார்.

அவள் அமுக்கினாள். இடது கால் துவண்டது. கயிறு கையிலிருந்து நழுவி, அப்படியே அவர் குறுக்கின் மேல் தொப்பென்று உட்கார்ந்துவிட்டாள். அவர் எலும்பு நொறுங்கிவிட்டது என்று நினைத்து நான் ஓடினேன்.

"ஆகா!" என்று அந்த மனுஷன் அலறினார். "இப்பத்தாம்யா எலும்பு அது எடத்துல போய் உக்காந்துச்சு!"

சொன்னால் நம்ப மாட்டீர்கள், வரிசையே குதூகலித்தது. "எனக்கும் அதே மாதிரி விழச் சொல்லு மதினி" என்று ஒருத்தி பாயைப் பார்த்து ஓடிவந்தாள். விழுந்தவளால் எழுந்திருக்க முடியவில்லை என்பது ஒருவர் கண்ணிலும் படவில்லை. சம்சாரி எழுந்து வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு போய்விட்டார். அவள் பாயில் ஒருச்சாய்ந்து கிடந்தாள். நானும் புருஷனுமாகத் தூக்கி நிறுத்தினோம். இடது காலை ஊன்றவே முடியவில்லை, என் தோளைப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தாள்.

மாமியார் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி வரிசையைப் பார்த்துச் சொன்னாள். "அவ்வளவுதான், இன்னையோட நிப்பாட்டிக்கிடுவோம். ஆடி பொறக்குதுல்லா. ஆடியில மிதிக்கக் கூடாது."

அப்படி ஒரு வழக்கத்தை அதற்குமுன் யாரும் கேட்டதில்லை. அவள் அந்த இடத்தில் உண்டாக்கியது. ஆனால் அத்தனை பேரும் "ஆமா, ஆமா, ஆடியில ஆகாது" என்று தலையாட்டிக்கொண்டு கலைந்தார்கள். நான் கிளம்புகிறபோது மாமியார் என் காதோரம் வந்தாள். "ஆடி முடியதுக்குள்ள சரிபண்ணிருங்க டாக்டரம்மா. ஆவணியில ஆளு வரும்."

ஆடி முழுக்க மத்தியான நேரத்தில் அவள் வந்தாள். ஊரில் அம்பாள் தவசுத் திருவிழாக் கூட்டம், கோயிலைச் சுற்றிச் சுற்றி முழங்கால் வீங்கினவர்கள் காலையிலும் மாலையிலும் என் வாசலில் கிடந்தார்கள். இடைப்பட்ட நேரத்தை இவளுக்கு ஒதுக்கினேன். ஒருச்சாய்த்துப் படுக்கவைத்து, இடுப்பெலும்பின் விளிம்பில் உள்ளங்கையை வைத்து, அவள் மூச்சு விடும்போது மட்டும் கொஞ்சமாக அசைத்துக் கொடுப்பேன். மடக்க வேண்டிய இடமும் இல்லை, முறிக்க வேண்டிய இடமும் இல்லை. முழங்காலை என் கைக்கு எதிராகத் தள்ளச் சொல்வேன், பிறகு விடச் சொல்வேன். முழங்கால் நடுவில் தலையணையை வைத்து இறுக்கச் சொல்வேன். இடுப்பைச் சேர்த்துப் பிடிக்க ஒரு பெல்ட் போட்டுவிட்டேன். பிள்ளையைத் தூக்கும்போது இரண்டு காலையும் அகற்றி ஊன்றி, முழங்காலை மடக்கி, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்து எழுந்திருக்கச் சொல்லிக்கொடுத்தேன். சொன்னது அத்தனையும் செய்தாள். இப்படி ஒரு நோயாளி வாய்ப்பது அபூர்வம். எண்ணெய் தடவவில்லை, எலும்பு சொடக்கவில்லை, இதில் என்ன வைத்தியம் இருக்கிறது என்று ஒருநாளும் கேட்கவில்லை.

கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவும் செய்தாள். "மொளகா எடுக்கையில காலையில இருந்து பொழுதடைய குனிஞ்சே கெடப்போம்க்கா. ஒருநாளும் வலிச்சதில்ல."

ஆடி கடைசியில் ஒருநாள் மல்லாக்கப் படுக்கவைத்து இடது காலைத் தூக்கச் சொன்னேன். நான் கை வைக்கவில்லை. கால் தானாக எழும்பி, மேலே நின்று, நடுங்காமல் இறங்கியது. தொடையை மடக்கி அழுத்திப் பார்த்தேன், வலி இல்லை. எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். சின்னப்பிள்ளை மாதிரிக் கைதட்டினேன். "பாத்தியாட்டி! சொன்னேன்லா!"

அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு அழுதாள்.

"என்னட்டி?"

"சரியாக்காதீங்கக்கா."

"என்ன?"

"சரியாயிட்டுன்னு சொன்னா திரும்ப ஏத்தி விட்டுருவாவ. இந்த ஒரு மாசமாத்தான் பிள்ளையளுக்கு வயிறு நெறயப் பாலு குடுத்தேன். வலி இருந்தாத்தான் என்ன விடுவாவ. அது இருந்துட்டுப் போட்டும்க்கா. வலிச்சாலும் பரவால்ல."

முதலில் எனக்கு அவள் மேல்தான் கோபம் வந்தது. இத்தனை நாள் பாடுபட்டுச் சரிசெய்திருக்கிறேன், வேண்டாம் என்கிறாளே! "புருஷன்ட்ட சொன்னியா?" என்று சீறினேன்.

"சொன்னேன். 'எங்கம்மா பாத்துக்கிடுவா'ன்னுட்டாவ."

"உங்க வீட்ல?"

"அப்பா போன்ல, 'ஊருக்கு நல்லது செய்யுதம்மா, புண்ணியம்'னு சொல்லுதாவ."

புண்ணியமாம். சிவகிரியில் உட்கார்ந்துகொண்டு. அவள் காலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு கதவைச் சாத்திவிட்டு வந்து சொன்னேன். "எந்திரி. நொண்டக் கத்துத் தாரேன்."

அன்றைக்கு நடந்த கூத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வரும். அவளுக்கு நொண்டத் தெரியவில்லை. இத்தனை நாள் நொண்டினவளுக்கு, வலி போனதும் எப்படி நொண்டினோம் என்பதே மறந்துவிட்டது. முதல் தடவை வலது காலை இழுத்தாள். "ஏட்டி, எடது! எடது காலுட்டி, கூறுகெட்டவளே!" என்று கத்தினேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து நான் பார்த்தது அப்போதுதான். இடது காலில் பாரம் விழுந்த உடனே வலது காலை வேகமாக வைத்துவிடு, எழுந்திருக்கும்போது தொடையில் கையை ஊன்று, திரும்பும்போது குழியில் கையை வை, காலைத் தூக்கச் சொன்னால் முகத்தைச் சுளித்துப் பாதியில் விட்டுவிடு. எந்த வலியைப் போக்குவதற்காகப் படித்தேனோ அதைப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாமியாரிடம் நானே சொன்னேன். "வீட்டுக்குள்ள நடக்கலாம், பிள்ளையைத் தூக்கலாம். ஒற்றைக் கால்ல நிக்கிற பலம் அந்த மூட்டுக்கு இனி வராது. மிதிக்கிறதை மறந்துருங்க."

சண்டைக்கு வருவாள் என்று தயாராக இருந்தேன். அவள் வரவில்லை. "அப்படியா?" என்றாள். வெற்றிலையை ஓரத்தில் ஒதுக்கிக்கொண்டு கொஞ்சம் யோசித்தாள். "சரி, ஆவணி பொறக்கவும் ஒருக்கா கூட்டிட்டு வாரேன். எம் முன்னால வச்சுப் பாத்துச் சொல்லுங்க. ஆகாதுன்னா ஆகாதுன்னு வாரவுகட்ட சொல்லிருதேன். அதுக்கப்புறம் அவளக் கூப்பிட மாட்டேன்."

அது ஒன்றுதான் பாக்கி. அந்த ஒரு நாளைத் தாண்டிவிட்டால் அவள் பிழைத்துவிடுவாள். அவளுக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

ஆவணி பிறந்ததும் வந்தார்கள். ஒரு பிள்ளை வீட்டில் தகப்பனிடம், இன்னொன்று மாமியார் தோளில். பிள்ளைகள் அதற்குள் கொழுகொழுவென்று ஆகி, குப்புற விழ ஆரம்பித்திருந்தன. மாமியார் பிள்ளையை என் சிகிச்சைக் கட்டிலில் கிடத்தி, ஒரு கையை அதன் வயிற்றில் வைத்துக்கொண்டு பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். எங்கள் கட்டில் வீட்டுக் கட்டில் மாதிரி இல்லை, நின்றுகொண்டு வேலை செய்வதற்காக இடுப்பு உயரத்துக்கு இருக்கும். கீழே சிமெண்டுத் தரை.

"நட" என்றேன். அறையின் அந்தக் கோடிவரைக்கும் நடந்தாள். அடடா, என்ன நொண்டல்! நானே நம்பிவிடுவேன் போல இருந்தது. இடது கால் பட்டும் படாமலும் ஊன்றி, கை குழிக்குப் போய், உதட்டைக் கடித்து. சொல்லிக்கொடுத்ததற்கு மேலாகவே செய்தாள். "பாத்தீங்களாம்மா?" என்று மாமியார் பக்கம் திரும்பினேன்.

மாமியார் முகத்தில் ஒன்றும் இல்லை. மருமகளின் பாதத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டே, பிள்ளை வயிற்றிலிருந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

மறதியாக எடுக்கவில்லை. அதை நான் எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் சத்தியம் பண்ணுவேன். கையை எடுத்தவள் பிள்ளை பக்கம் திரும்பவே இல்லை, கண் அந்தப் பாதத்திலேயே இருந்தது. பிள்ளை ஒரு புரளல் புரண்டது. கட்டில் விளிம்புக்கு வந்தது. காலை உதைத்து இன்னொரு தடவை புரளப் பார்த்தது. நான் கையை நீட்டினேன், எட்டவில்லை.

அவள் ஓடினாள். அறையின் அந்தக் கோடியிலிருந்து, இரண்டு காலையும் எட்டி எட்டிப் போட்டு, அம்பு மாதிரி ஓடினாள். பிள்ளை விளிம்பைத் தாண்டியபோது கீழே அவள் கை இருந்தது. இரண்டு காலையும் அகற்றி ஊன்றி, முழங்காலை மடக்கி, முதுகு நிமிர்ந்து, பிள்ளையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்து எழுந்து நின்றாள். பிள்ளை அழக்கூட இல்லை, அதற்கு விளையாட்டு.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. முதலில் தன் காலைக் குனிந்து பார்த்தாள், பிறகு மாமியாரைப் பார்த்தாள்.

"நல்லா ஆயிட்டுல்லா" என்றாள் மாமியார். கோபமே இல்லை குரலில்.

"ஏம்மா, நீ மனுஷிதானா? பிள்ளை விழுந்து மண்டை உடைஞ்சிருந்தா?"

"எப்படி உடையும்? பெத்தவ ஓடி வந்துருவால்லா."

"ஓடி வரலைன்னா? நெசமாவே அவளால முடியலைன்னா?"

மாமியார் வெற்றிலைப் பையை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தாள். "ஓடி வரலைன்னா, வலி நெசந்தான்னு நானும் ஒத்துக்கிட்டிருப்பேன்."

நான் கத்தினேன். என்னென்ன கத்தினேன் என்று இப்போது ஞாபகமில்லை. போலீஸ் என்றேன், கலெக்டர் என்றேன், உன் மகனை வரச் சொல் என்றேன். மாமியார் அத்தனையையும் நின்று கேட்டாள், மழை விடட்டும் என்று ஒதுங்கி நிற்கிறவள் மாதிரி. நான் மூச்சு வாங்க நிறுத்தியதும் மருமகளிடம் சொன்னாள். "ஞாயித்துக்கெழம பனவடலிசத்திரத்துல இருந்து ஆளு வாராவ. தலைக்குக் குளிச்சிரு. வா."

"போகாதட்டி" என்றேன்.

"பெரியவன் வீட்ல இருக்கான்க்கா. பாலுக்கு அழுவான்."

பிள்ளையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு மாமியாரின் பின்னால் இறங்கிப் போனாள். பழக்கத்தில் நான் அவள் நடையைப் பார்த்தேன். இரண்டு காலிலும் பாரம் சமமாக விழுந்தது, இடுப்பு ஆடவில்லை. ஒரு குறையும் சொல்ல முடியாத நடை.